ஆண்டிப்போலோவில் பிறந்தநாள் விருந்து: சைவம் உண்ணும் அம்மாவுக்கு என்ன கேட்டு வாங்குவது?

கேள்வி (எழுதியவர்: பாளையங்கோட்டைக்காரன்)

அனைவருக்கும் வணக்கம். பிலிப்பைன்ஸில், மணிலாவின் மக்காட்டி பகுதியில் ஒரு மென்பொருள் நிறுவனத்தில் எட்டு மாதங்களாக வேலை செய்கிறேன். ஊரிலிருந்து அப்பாவும் அம்மாவும் ஒரு மாதம் தங்கிப் போக வந்திருக்கிறார்கள். எங்கள் வீட்டு உரிமையாளர் அம்மையார், தம் தாயாரின் எண்பதாவது பிறந்தநாளுக்காக வரும் ஞாயிற்றுக்கிழமை ஆண்டிப்போலோ மலைமேல் உள்ள ஓர் உணவகத்தில் மதிய விருந்து வைக்கிறார். எங்கள் மூவரையும் அவசியம் வர வேண்டும் என்று வீட்டுக்கே வந்து அழைத்துவிட்டுப் போனார்.

அப்பா கோழியும் மீனும் உண்பார். மாட்டிறைச்சியும் பன்றியிறைச்சியும் தொடமாட்டார். அம்மாவோ முழுச் சைவம், முட்டைகூடக் கிடையாது. அலுவலகத்துக்கு அருகே உள்ள கடையில் ஒருமுறை வெறும் காராமணிக்காய்ப் பொரியல் என்று நம்பி வாங்கிய தட்டில், காய்க்கு நடுவே பன்றித் துண்டுகள் கிடந்தன. கேட்டதற்கு, 'இது காய்கறிதான் சார், கறி கொஞ்சம்தான்' என்று கடைக்காரப் பெண் சிரித்தபடியே சொன்னார்.

இன்னொரு சிக்கலும் இருக்கிறது. விருந்து 'கமாயன்' முறையில் நடக்குமாம். மேசை முழுவதும் வாழையிலை விரித்துக் கையால் உண்பது. வாழையிலை என்றதும் அம்மாவுக்கு ஒரே மகிழ்ச்சி. எல்லாரும் ஒரே இலைப்பரப்பிலிருந்து எடுத்து உண்பார்கள் என்பதை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை. அம்மாவுக்கு என்ன கேட்கலாம், அழைத்தவர்கள் மனம் கோணாமல் எப்படிக் கேட்கலாம், பேசாமல் ஒரு டப்பாவில் புளியோதரை கட்டிக்கொண்டு போய்விடலாமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

மறுமொழி 1 (எழுதியவர்: பாசிக் நதிக்கரை)

தம்பி, மணிலாவில் பதினான்கு ஆண்டுகள் இருந்துவிட்டேன். நீங்கள் சொல்லும் காராமணிக்காய்த் தட்டை நானும் கண்டவன். அந்தப் பெண் உங்களை ஏமாற்றவில்லை. இங்கே 'கூலாய்' என்றால் காய்கறி. ஆனால் ஒரு பண்டம் கூலாய் என்று பெயர் பெறுவதற்கு அதில் இறைச்சி அறவே இருக்கக் கூடாது என்பது இவர்களுடைய கணக்கில் இல்லை. சாம்பாரில் பெருங்காயம் விழுவதுபோல, பீன்ஸிலும் பூசணியிலும் நாலு துண்டு பன்றியோ ஒரு கரண்டி இறால் விழுதோ விழும். ஆகவே 'இது சைவமா' என்று கேட்பதில் பயனே இல்லை. 'வாலங் கார்னே, வாலங் இஸ்டா, வாலங் ஹிபோன், வாலங் பாகோஓங், வாலங் பாட்டிஸ் போ' என்று ஒவ்வொன்றாக அடுக்க வேண்டும். வாலங் என்றால் இல்லாமல். இறைச்சி, மீன், இறால், இறால் விழுது, மீன்சாறு என்பது வரிசை. கடைசி இரண்டில்தான் எல்லாரும் கோட்டை விடுகிறோம், ஏனென்றால் இவர்களுக்குப் பாட்டிஸ் நமக்கு உப்பு மாதிரி, அதை ஒரு பொருளாகவே எண்ணிச் சொல்லமாட்டார்கள். இறுதியில் வரும் 'போ' நம் 'ங்க' போன்றது. அதை விட்டுவிட்டால் பேச்சு மொட்டையாக இருக்கும். பரிமாறுபவர் ஆணானால் 'கூயா', பெண்ணானால் 'ஆத்தே', அதாவது அண்ணன், அக்கா என்று கூப்பிடுங்கள்.

அம்மாவுக்கு நான் முதலில் சொல்வது 'என்சலாடாங் தலோங்'. கத்தரிக்காயைத் தணலில் சுட்டுத் தோலுரித்து, தக்காளியும் வெங்காயமும் அரிந்து போட்டு, வினிகர் ஊற்றிக் கொடுப்பார்கள். மேலே உப்பு முட்டையும் பாகோஓங்கும் வைப்பதுண்டு, இரண்டையும் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அடுத்தது 'மோங்கோ'. இது நம் பாசிப்பயறுதான். பூண்டும் வெங்காயமும் தக்காளியும் வதக்கி, பயற்றைக் குழைய வேகவைத்து, முருங்கைக்கீரையோ பாகல் இலையோ சேர்ப்பார்கள். கத்தோலிக்கர்கள் தவக்காலத்து வெள்ளிக்கிழமைகளில் இறைச்சி தவிர்ப்பதால், வெள்ளிக்கிழமை என்றால் மோங்கோ என்று ஒரு வழக்கம் படிந்துவிட்டது. ஆனால் கருவாடோ வறுத்த பன்றித்தோலோ சேராத மோங்கோ அரிது, ஞாயிற்றுக்கிழமை அது கிடைக்காமலும் போகலாம். எனவே உணவகத்தில் போய் உட்கார்ந்த பிறகு கேட்காமல், வீட்டுக்கார அம்மையாரையே முன்கூட்டித் தொலைபேசியில் பேசச் சொல்லுங்கள். பப்பாளிக்காயைத் துருவி வினிகரிலும் சர்க்கரையிலும் ஊறவைத்த 'அச்சாரா'வை அம்மா கவலையில்லாமல் தொட்டுக்கொள்ளலாம்; இலங்கைத் தமிழர் அச்சாறு என்கிறார்களே, பெயரில் அதற்கு உறவு.

'லும்பியா' என்னும் பூரணம் வைத்த சுருள், 'பன்சித்' என்னும் நூடுல்ஸ் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். பிறந்தநாள் என்றால் பன்சித் கட்டாயம் வரும். நூடுல்ஸ் எவ்வளவு நீளமோ ஆயுளும் அவ்வளவு நீளம் என்பது சீனர் வழி வந்த நம்பிக்கை. அதில் இறாலும் பன்றியும் கோழியும் கலந்திருக்கும். அம்மா வேண்டாம் என்று சொல்வதில் தவறில்லை, ஆனால் பாட்டியம்மாவின் முகத்துக்கு நேரே தட்டைத் தள்ளிவிடாமல், 'சலாமத் போ, புசோக் பா போ அகோ', அதாவது நன்றி, வயிறு இன்னும் நிறைவாக இருக்கிறது என்று சொல்லிவிட்டால் போதும்.

மறுமொழி 2 (எழுதியவர்: டவாவ் மாணவி)

அண்ணா, நான் டவாவ் நகரில் மருத்துவம் படிக்கிறேன். இங்கே எங்களைப் போன்ற தமிழ் மாணவர்கள் நிறையப் பேர் இருப்பதால், பட்டியலைப் படிக்கும் வித்தையை மூத்தவர்கள் முதல் வாரத்திலேயே கற்றுக்கொடுத்துவிடுவார்கள். உங்கள் அப்பாவுக்கு நான்கு சொற்கள் தெரிந்தால் போதும்: பாபோய் பன்றி, பாகா மாடு, மனோக் கோழி, இஸ்டா மீன். அவருக்குச் 'சினிகாங்' பிடிக்கும் என்று அடித்துச் சொல்வேன். புளியங்காயை வேகவைத்துப் பிசைந்த சாற்றில் முள்ளங்கி, வெண்டைக்காய், வள்ளைக்கீரை, நீளப் பச்சைமிளகாய் எல்லாம் மிதக்கும். நம் ரசத்துக்கும் புளிக்குழம்புக்கும் இடைப்பட்ட ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள், தாளிப்பு மட்டும் இருக்காது. பன்றி போட்டதும் உண்டு என்பதால், இறால் அல்லது 'பாங்குஸ்' என்னும் பால்மீன் போட்டதாகக் கேட்க வேண்டும். பாங்குஸில் முள் அதிகம்; முள் நீக்கியது இருக்கிறதா என்று விசாரித்துக்கொள்ளுங்கள்.

கோழி வேண்டுமென்றால் 'இனாசால்'. நீக்ரோஸ் தீவின் பாகோலோட் நகரம் இதற்குப் பெயர் போனது. எலுமிச்சம்புல்லும் கலமான்சி என்னும் சிறு எலுமிச்சையின் சாறும் வினிகரும் சேர்த்து ஊறவைத்து, செந்நிறம் தரும் அன்னாட்டோ விதை எண்ணெயைத் தடவித் தடவிக் கரியடுப்பில் வாட்டுவார்கள். பொதுவாக இங்கே காரம் குறைவு. ஆகவே 'சிலி' கேட்டு வாங்கிச் சிறு கிண்ணத்தில் வினிகரோடு நசுக்கி வைத்துக்கொண்டால் அப்பா சோறு கேட்டுக்கொண்டே இருப்பார். ஒவ்வொருவரும் தனக்கு வேண்டியபடி புளிப்பும் உப்பும் காரமும் கலந்துகொள்வது இங்குள்ள வழக்கம் என்பதால், சமைத்தவரை அது குறைசொல்வதாக ஆகாது.

மறுமொழி 3 (எழுதியவர்: கோட்டைப் பித்தன்)

இருவரும் சொன்னதோடு ஓர் எச்சரிக்கை. 'காரே-காரே' என்ற பெயரைக் கேட்டதும் கறிக்குழம்பு என்று எண்ணி உங்கள் அப்பா ஆவலோடு கை நீட்டுவார். தடுத்துவிடுங்கள், அது பெரும்பாலும் மாட்டு வாலும் குடலும். வேர்க்கடலையும் வறுத்தரைத்த அரிசியும் சேர்ந்த கெட்டியான குழம்பில் வாழைப்பூ, கத்தரிக்காய், காராமணிக்காய் எல்லாம் கிடக்கும்.

ஆண்டிப்போலோவுக்கு ஒர்த்திகாஸ் நெடுஞ்சாலை வழியாகப் போனால் கைந்தா என்ற ஊரைக் கடப்பீர்கள். 1762-இல் ஆங்கிலேயர் மணிலாவைப் பிடித்த படை நம் சென்னையிலிருந்துதான் கப்பலேறியது. அதில் சிப்பாய்களும் இருந்தார்கள். 1764-இல் ஆங்கிலேயர் திரும்பிப் போனபோது சிப்பாய்களில் சிலர் போகாமல் கைந்தாவில் தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்துகொண்டார்கள். அவர்கள் ஊர்க் கறியை நினைத்துச் சமைத்ததே காரே-காரே என்று ஒரு கதை உண்டு. பம்பாங்கா மாநிலத்தார் அது தங்களுடையது என்பார்கள். இரண்டுக்கும் உறுதியான சான்று கிடையாது, எனக்குச் சிப்பாய்க் கதை பிடிக்கும் என்பது வேறு விஷயம். போகும் வழியில் அப்பாவிடம் சொல்லுங்கள்.

புளியோதரை டப்பா வேண்டவே வேண்டாம். விருந்துக்கு அழைத்தவர் வீட்டில் நாம் கொண்டுபோன சோற்றைத் திறந்தால் நம் ஊரிலேயே எவ்வளவு வருத்தப்படுவார்கள்! மாறாக, அம்மாவுக்குத் தனி இலை கேளுங்கள். கமாயனில் நடுவே சோற்றை நீளமாகக் குவித்து, அதன்மேலேயே வாட்டிய பன்றியையும் மீனையும் அடுக்கிவிடுவார்கள். கொழுப்பு சோற்றில் இறங்கிவிடும். அதன் பிறகு ஓரமாக எடுத்து உண்ணலாம் என்று சமாதானம் சொல்வது நடக்காத காரியம். மேசையின் ஒரு கோடியில் இலையைத் தனியாக வெட்டி விரித்து, அதில் வெறுஞ்சோறு வைக்கச் சொன்னால் செய்து தருவார்கள். இன்னொன்று: பாட்டியம்மாவைக் கண்டதும் 'மானோ போ' என்று சொல்லி, அவர் கையைப் பற்றி உங்கள் நெற்றியில் ஒற்றிக்கொள்ளுங்கள். அதைச் செய்துவிட்டால், அதன் பிறகு நீங்கள் உண்பதையும் உண்ணாததையும் யாரும் பெரிதுபடுத்தமாட்டார்கள்.

கேள்வி கேட்டவரின் பதில் (பாளையங்கோட்டைக்காரன்)

மூவருக்கும் நன்றி. நேற்று போய் வந்தோம். நடந்ததை எழுதாவிட்டால் முறையாக இருக்காது.

வீட்டுக்கார அம்மையார் வியாழக்கிழமையே உணவகத்தைத் தொலைபேசியில் அழைத்து, நான் தாளில் எழுதிக் கொடுத்த 'வாலங்' பட்டியலை வரி விடாமல் படித்துக் காட்டினார். அப்படியிருந்தும் முதலில் வந்த மோங்கோக் கிண்ணத்தின் மேல் வறுத்த பன்றித்தோலைத் தூள் தூளாகத் தூவியிருந்தார்கள். உள்ளே போடக் கூடாது என்றுதானே சொன்னீர்கள், இது மேலேதானே என்பது பரிமாறிய பையனின் வாதம். நான் வாய் திறப்பதற்குள் அம்மையாரே கிண்ணத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார். இரண்டாவது கிண்ணம் வர அரைமணி நேரம் ஆயிற்று. அதற்குள் அம்மா தன் தனி இலையில் தண்ணீர் தெளித்துத் துடைத்து, நுனி இடப்பக்கம் வருமாறு திருப்பி வைக்கப் பார்த்தார். அது நடுவில் வெட்டிய துண்டு, நுனியே இல்லை. சுட்ட கத்தரிக்காயைச் சோற்றில் பிசைந்து ஒரு வாய் உண்டுவிட்டு, 'கொத்சு மாதிரிதான் இருக்கு, தாளிக்க மறந்துட்டாங்க' என்று என்னிடம் மட்டும் தமிழில் சொன்னார். மோங்கோ வந்ததும் முருங்கைக்கீரையை விரலால் எடுத்துப் பார்த்துப் பெயரைக் கேட்டார். 'மலுங்காய்' என்று பாட்டியம்மா சொல்ல, 'முருங்கை' என்று அம்மா சொல்ல, இரண்டு பேரும் மூன்று நான்கு முறை மாறி மாறிச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

அப்பாவுக்கு இறால் சினிகாங். மாணவி சொன்னது சரி. மூன்று கிண்ணம் குடித்தார், கடைசிக் கிண்ணத்தைச் சோற்றிலேயே ஊற்றிக்கொண்டார். சிப்பாய்க் கதையைக் கைந்தாவில் நெரிசலில் நின்ற முக்கால் மணி நேரமும் கேட்டுக்கொண்டே வந்தவர், விருந்தில் காரே-காரே வந்தபோது, தொடாமல் கிட்டே போய் அதன் மணத்தை மட்டும் முகர்ந்து பார்த்தார். 'நம்ம ஊர் ஆள் வைத்த குழம்பு இல்லை' என்பது அவர் தீர்ப்பு.

பில்லைப் பங்கிட்டுக்கொள்ளலாம் என்று நான் மெல்லக் கேட்டபோது, பிறந்தநாள்காரர் வீட்டார்தான் விருந்து தர வேண்டும் என்று சொல்லி அம்மையார் என் கையைத் தட்டிவிட்டார். திரும்பும்போது சாலையோரக் கடையில் 'சுமான்' வாங்கிக் கொடுத்தார். தேங்காய்ப்பால் சேர்த்துக் குருத்தோலையில் சுற்றி வேகவைத்த ஒட்டரிசிப் பண்டம் அது. அம்மா மதியம் பாதி வயிறுதான் உண்டிருந்தார் போலும், வண்டியிலேயே இரண்டைப் பிரித்துவிட்டார். மீதி நான்கு இப்போது குளிர்பெட்டியில் இருக்கின்றன; அவற்றை மீண்டும் ஆவியில் வேகவைக்க வேண்டுமா, அப்படியே உண்ணலாமா என்று யாராவது சொல்லுங்கள்.

மறுமொழி 4 (எழுதியவர்: டவாவ் மாணவி)

ஓலையைப் பிரிக்காமல் பத்து நிமிடம் ஆவியில் வையுங்கள் அண்ணா, இட்லிப் பானையே போதும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே உண்டால் அரிசி விறைத்துப் பல்லில் மெழுகுபோல ஒட்டும்.