அம்மா கண்ணுக்கு இரண்டு சீட்டு, இரண்டு அளவு. எதை நம்புவது?

தோப்புக்காரன், கொழிஞ்சாம்பாறை:
அம்மாவுக்குக் கண்புரை. பாலக்காட்டில் சிலிண்டர் (கண்ணின் கோணல் அளவு) 2.5 என்று எழுதினார்கள், கோயம்புத்தூரில் 1.25. பாலக்காட்டில் டோரிக் லென்ஸ், அதாவது கோணலையும் சரிசெய்யும் லென்ஸ், கட்டாயம் என்றார்கள், கோவையில் பார்க்கலாம் என்கிறார்கள். வெள்ளிக்கிழமை ஆபரேஷன். சீக்கிரம் சொல்லுங்க.

கண்ணாடிக்கடை:
எந்தக் கண்? கே1, கே2, அதாவது கருவிழியின் தட்டையான வளைவும் தூக்கலான வளைவும் எவ்வளவு? ஆக்சிஸ், கோணல் நிற்கும் திசை? எந்த மெஷின்? வெறும் 2.5 என்றால் என்னத்தைச் சொல்ல?

வாளையாறு வாசு:
அம்மா கண்ணாடி போட்டிருப்பாங்கல்ல? அதில் இருக்கும் சிலிண்டர்தான் நிஜம். மெஷினெல்லாம் அப்புறம்.

கண்ணாடிக்கடை:
தப்புங்க வாசு. கண்ணாடி நம்பரில் கருவிழியின் கோணலும் இருக்கும், உள்ளே இருக்கும் லென்ஸின் கோணலும் இருக்கும். புரை விழுந்த லென்ஸை எடுத்தால் அதன் பங்கு போய்விடும். பாக்கி நிற்பது கருவிழி மட்டும். அதற்குத்தான் கே ரீடிங்.

தோப்புக்காரன்:
வலது கண். பாலக்காடு: 42.25, 44.75, தூக்கல் 92 டிகிரியில். கோவை: 43.00, 44.25, 70 டிகிரி. மெஷின் பேர் தெரியாது. பாலக்காட்டில் ரோட்டுக் கடைசியில் பலூன் தெரிந்ததாம், கோவையில் சிவப்பு வெளிச்சமாம்.

மூத்த உறுப்பினர்:
அடிப்படையே தெரியாமல் பேசுகிறீர்கள் நண்பர்களே. கருவிழி வளைவை அளக்கும் சாதாரண கெரட்டோமீட்டர் பார்ப்பது கருவிழியின் முன்பக்கத்தை, அதுவும் நடுவில் சுமார் 3 மில்லிமீட்டரை. பின்பக்கத்தை 1.3375 என்ற ஒற்றை ஒளிவிலகல் எண்ணை வைத்து ஊகித்துக்கொள்ளும். பின்பக்கத்துக்கும் சராசரியாக 0.3 டயாப்டர் (லென்ஸ் பவரின் அலகு) கோணல் உண்டு என்று 2012இலேயே கண் மருத்துவர் டக்ளஸ் கோக் குழுவினர் காட்டிவிட்டார்கள். இந்த அம்மா மாதிரி செங்குத்து தூக்கலான கண்ணில் முன்பக்கத்தை மட்டும் பார்த்தால் அளவு கூடித்தான் வரும். கருவிழியின் பின்பக்கத்தையும் படமெடுக்கும் பென்டாகேம் எடுங்கள். எத்தனை முறை எழுதுவது?

கண்ணாடிக்கடை:
0.3 சரிங்க ஐயா. இங்கே வித்தியாசம் 1.25 ஆயிற்றே? ஆக்சிஸும் 22 டிகிரி தள்ளி நிற்கிறது. டோரிக் லென்ஸ் ஒரு டிகிரி பிசகினாலே சுமார் 3.3 சதவீதம் பலன் போகும், 30இல் ஒன்றுமே மிஞ்சாது. 22 என்றால் முக்கால்வாசி காலி. தோப்புக்காரரே, அளவெடுக்கும் முன் சொட்டு மருந்து விட்டார்களா? பிரஷர் பார்க்கக் கண்ணைத் தொட்டார்களா? கண் காய்ந்திருந்தாலும் ரீடிங் ஆடும்.

சித்தூர் டீச்சர்:
தம்பி, அம்மா தோப்பு வேலைக்குப் போகிறவரா? பாலக்காட்டுக் கணவாய்க் காற்றும் புழுதியும் நமக்குத் தெரிந்ததுதானே. மூக்குப் பக்கமிருந்து கருவிழி மேல் சதை ஏறியிருக்கிறதா என்று பாருங்கள். என் பெரியம்மாவுக்கு அதனால்தான் ஒவ்வொரு தடவையும் ஒரு கணக்கு வந்தது.

கண்ணாடிக்கடை:
டீச்சர் சொல்வது சரியாக இருக்கும் போலிருக்கிறது. சதை ஏறினால் கருவிழி படுக்கைவாட்டில் தட்டையாகும், செங்குத்து தூக்கலாகத் தெரியும். சதையை எடுத்தால் இந்த இரண்டு சீட்டுமே செல்லாது.

வாளையாறு வாசு:
பாலக்காட்டில் இல்லாத டாக்டரா? எதுக்கு வாளையாறு வழியாகச் சுற்றிக் கோவைக்குப் போகணும்?

சித்தூர் டீச்சர்:
கொழிஞ்சாம்பாறைக்காரர் வாளையாறு ஏன் போகிறார்? வேலந்தாவளம் வழி நேர் ரோடு.

வாளையாறு வாசு:
அந்த ரோட்டில் பஸ் கிடைப்பது உங்க அதிர்ஷ்டம்.

மூத்த உறுப்பினர்:
இழை திசை மாறுகிறது. பென்டாகேம் பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

கண்ணாடிக்கடை:
கேட்டவரையே நாலு நாளாகக் காணோம்.

தோப்புக்காரன்:
மன்னிக்கணும், அலைச்சல். சதை இருக்கிறதுங்க. கண் சிவப்பு எப்போதும் உள்ளதுதானே என்று அம்மா யாரிடமும் சொல்லவில்லை, நானும் கவனிக்கவில்லை. முதலில் சதையை எடுத்துவிட்டு, மூணு மாசம் கழித்து மறுபடி அளந்து, அப்புறம் லென்ஸ் முடிவு பண்ணலாம் என்றார் டாக்டர். வெள்ளிக்கிழமை ஆபரேஷன் இல்லை. டீச்சருக்கு நன்றி.

வாளையாறு வாசு:
சரி, எந்த வழியா போனீங்க?