மரவள்ளிக் கிழங்கு விலை விழுந்த வருஷம்: கடன் கூட்டாமல் அடுத்த நடவு

ஆத்தூர் பக்கத்துக்காரர்:
கையில் காசில்லாத நடவுக்கு முதலில் உதவுவது பக்கத்துக் காட்டுக் குச்சிதான், அதாவது கிழங்கு பிடுங்கின செடியின் தண்டு. 3 அடிக்கு 3 அடி நட்டால் ஏக்கருக்கு 4,800 கரணை, அதாவது நடுவதற்கு நறுக்கிய குச்சித் துண்டு வேண்டும். செடிக்கு 10 தேறினால் 500 செடி போதும். தெரிந்தவர்கள் சும்மாவே தருவார்கள். ஆனால் தேமல் நோய் குச்சியோடு சேர்ந்தே வரும், அப்புறம் வெள்ளை ஈ அதைக் காடு முழுக்கப் பரப்பும். பிடுங்கிக் கட்டுப்போட்ட குச்சியைப் பார்த்து நோயைக் கண்டுபிடிக்க முடியாது. இலை இருக்கும்போதே போய், மஞ்சள் திட்டோ கோணிச் சுருங்கிய இலையோ இல்லாத செடிகளில் துணி கட்டிவிட்டு வாங்க. பிடுங்கும் அன்று துணி கட்டியதை மட்டும் எடுங்க. பச்சை நுனியையும் அடிக்கட்டையையும் கழித்து, நடுத்தண்டை 8 முதல் 10 கணு இருக்கும்படி அரை அடிக்கு நறுக்கணும். நடவு தள்ளிப்போனால் நறுக்காமல் நிழலில் செங்குத்தாக நிறுத்தி வையுங்க.

தலைவாசல்காரர்:
குச்சி பற்றி அண்ணன் சொன்னது சரிங்க. அடுத்தது ஆள் மாத்து, அதாவது கூலி இல்லாமல் ஒருத்தர் காட்டு அறுவடைக்கு இன்னொருத்தர் முறை வைத்துப் போவது. பிடுங்கின கிழங்கு இரண்டு நாளுக்குள் ஜவ்வரிசி மில்லுக்குப் போகாவிட்டால் உள்ளே கருநீல நரம்பு ஓடி, பாயிண்ட் (மில்லில் விலை போட அளக்கும் மாவுச்சத்து அளவு) இறங்கிவிடும். அதனால் வண்டி உறுதியான பிறகே முறை ஆளைக் கூப்பிடுங்க. சண்டை வருவது கணக்கில்தான். ஈரக் காட்டில் செடி சுலபமாக வரும். காய்ந்த மண்ணில் கிழங்கு ஒடியும், நேரமும் இரண்டு மடங்கு. ஏக்கருக்கு ஏக்கர் என்று பேசினால் ஒருத்தர் நஷ்டப்படுவார். எத்தனை ஆள், எத்தனை நாள் என்று நோட்டில் எழுதுங்க. காய்ந்த காட்டுக்காரர் முன்கூட்டியே ஒரு தண்ணி கட்டிவிடணும், அது மரியாதை.

சேலத்துக்காரர்:
நடவுக் காசுக்கு ஏலச்சீட்டு எடுப்பதையும் சொல்லிடறேன். 20 பேர், மாசம் 5,000, ஒரு லட்சம் சீட்டு. அவசரத்தில் ஏலத்தில் 30,000 தள்ளி (விட்டுக்கொடுத்து) எடுத்தால் கையில் வருவது 70,000. நடத்துபவர் கமிஷன் 5,000 போக, மீதி 25,000 ஆளுக்கு 1,250 ஆகப் பிரியும். தள்ளின தொகை மட்டும் உறுத்தும், கட்ட வேண்டிய மாசங்களை யாரும் எண்ணுவதில்லை. மரவள்ளி பத்து மாசத்துக்கு ஒருமுறைதான் காசு தரும். தவணை மாசாமாசம் வரும். இரண்டு மாடாவது பால் கறக்காத வீட்டுக்காரர் முதல் மாசமே எடுத்தால், நாலாம் தவணையிலேயே ஜாமீன் போட்ட மச்சான் வாசலில் ஆள் நிற்கும். எடுப்பதாக இருந்தால் அறுவடைக்கு முந்தின இரண்டு, மூணு மாசத்துக்குள் எடுங்க. பதிவில்லாத சீட்டில் ஜாமீன் கையெழுத்து வேண்டவே வேண்டாம்.