வலைக்குக் கீழே பெர்ரிச் செடிகள்: உங்கள் அனுபவம் என்ன?

செடிக்கு மேலே நிழல் வலை போட்டால் வெளிச்சம் குறையும், காய்ப்பும் குறையும் என்று பலர் தயங்குகிறார்கள். என் ப்ளூபெர்ரி வரிசைகளில் சிலவற்றுக்கு வெள்ளை வலை, மற்றவை திறந்த வெயிலில். அங்கே நான் பார்த்த வரை கணக்கு அவ்வளவு நேரடியாக இல்லை.

தெளிந்த வானத்தின் உச்சி வெயிலில் மூன்றில் ஒரு பங்கு ஒளி கிடைத்தாலே ப்ளூபெர்ரி இலையின் ஒளிச்சேர்க்கை ஏறக்குறைய உச்சத்தைத் தொட்டுவிடும். மீதி வெயிலால் இலை சூடாவதுதான் மிச்சம். காற்று காய்ந்து கிடக்கும் மதியத்தில் இலைத்துளைகள் மூடிக்கொள்ளும். அப்புறம் எவ்வளவு வெயில் அடித்து என்ன, கரியமில வாயு உள்ளே போகாதே. வலைக்குள் அதே நேரத்தில் இலைகள் தளராமல் நிற்கின்றன.

இது வெளிப்புற இலைக்கான கணக்கு. புதரின் உள்ளே இருப்பவை ஏற்கெனவே நிழலில்தான் இருக்கின்றன. வெள்ளை வலை ஒளியைச் சிதறடித்து உள்ளே அனுப்புவதால் அவை தப்பிக்கின்றன. அடர்ந்த கறுப்பு வலையில் அது நடக்காது. விற்பவர்கள் நிழல் சதவீதத்தை மட்டும் சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். 50 சதவீத வலை என்றால் நான் தொடமாட்டேன். இலை அகன்று மெலிந்து போகும், கிளை நீண்டு வளரும், பழுப்பதும் தள்ளிப்போகும்.

பெரிய இழப்பு கண்ணுக்குத் தெரிவது அடுத்த பருவத்தில். அறுவடை முடிந்து, பகல் குறுகத் தொடங்கும்போதுதான் கிளை நுனிகளில் அடுத்த ஆண்டுக்கான பூமொட்டுகள் உருவாகின்றன. அப்போதும் வலை மேலே கிடந்தால் மொட்டு குறையும். பழம் பறித்ததும் நான் வலையைச் சுருட்டிவிடுகிறேன். சொட்டுநீரையும் பாருங்கள். வலைக்குள் செடி குறைவாகவே நீர் குடிக்கும். பழைய அளவிலேயே விட்டால் வேர் அழுகும்.

பதில்:
நான் வளர்ப்பது பாலித்தீன் கூடாரத்தில் ஸ்ட்ராபெர்ரி. மழை படாததால் பழத்தில் சாம்பல் பூஞ்சை வெகுவாகக் குறைந்தது. ஆனால் இலையில் வெண்பூஞ்சையும் சிலந்திப் பேனும் கூடின. இளந்தளிர்களின் நுனி கருகுவதும் உண்டு. கால்சியம் நீரோட்டத்தோடுதான் மேலே ஏறும். உள்ளே ஈரக்காற்று தேங்கினால் நீராவிப்போக்கு குறைந்து, தளிருக்கு அது போய்ச் சேராது. காலையிலேயே பக்கத் திரையைத் தூக்கிவிடுவேன், தேனீ வருவதற்கும் அதுதான் வழி. பழத்தின் மேலுள்ள ஒவ்வொரு விதையும் கருவுற்றால்தான் அதைச் சுற்றியுள்ள சதை பருக்கும். இல்லாவிட்டால் பழம் கோணலாக வரும். புற ஊதாக் கதிரை முழுதும் தடுக்கும் தாளாக இருந்தால் தேனீக்கள் திணறும், பழத்தின் சிவப்பும் கொஞ்சம் வெளிறும்.

பதில்:
ராஸ்பெர்ரியில் இதற்கு நேர்மாறு! வெயிலும் புற ஊதாக் கதிரும் கடுமையாக அடித்தால் பழத்தின் சில மணிகள் வெள்ளையாகவே நின்றுவிடும். லேசான வலை போட்டதிலிருந்து எனக்கு அது அபூர்வம்.

கூடாரம் வைத்திருப்பவர்களுக்கு இன்னொன்று. சாதாரண பாலித்தீன் வெப்பக் கதிர்வீச்சைப் பிடித்து வைக்காது. காற்றில்லாத, மேகமில்லாத இரவில் உள்ளே வெளியைவிடக் குளிராகவும் இருக்கலாம். பூக்கும் நேரத்தில் கூடாரத்தை மட்டும் நம்பாமல், செடி உயரத்தில் ஒரு வெப்பமானி தொங்கவிடுங்கள்.