ஆண் என்பதால் கிடைக்கும் சலுகை: நீங்கள் நேரில் பார்த்தது என்ன?

"ஆணுக்கு அப்படி என்ன சலுகை, அவனும்தானே மாடாய் உழைக்கிறான்" என்று யாராவது கேட்டால் நான் பார்த்த ஒன்றைத்தான் சொல்வேன்.

எங்கள் அலுவலகத்தில் ஒருநாள் சர்வர் படுத்துவிட்டது. சரிபார்க்க வெளியிலிருந்து ஒருவர் வந்தார். அந்த சிஸ்டத்தை அடியிலிருந்து உருவாக்கியவர் எங்கள் குழுத்தலைவி. நான் அவருக்குக் கீழே, வேலைக்குச் சேர்ந்து சில மாதங்களே ஆனவன். கோளாறு எங்கே என்று அவர்தான் விளக்கினார். சர்வரில் நடப்பதெல்லாம் வரிவரியாகப் பதிவாகும் லாக் கோப்பைத் திறந்து, பிழை தொடங்கும் வரியில் விரலை வைத்துக் காட்டினார். வந்தவர் கடைசிவரை கேட்டுவிட்டு என் பக்கம் திரும்பி, "அப்படித்தானே சார்?" என்றார். எனக்கு அந்த லாக்கில் பாதிகூடப் பிடிபடவில்லை. "மேடம்தான் இதைச் செய்தவர், அவங்ககிட்டயே கேளுங்க" என்றேன். தலையாட்டினார். அடுத்த கேள்வியும் எனக்கே வந்தது.

அவர் கெட்டவர் இல்லை, மரியாதையாகத்தான் பேசினார். தலைவியின் முகத்தில் எந்த மாற்றமும் தெரியாததுதான் என்னை உறுத்தியது. பிறகு கேட்டபோது, "இதுக்கெல்லாம் கோபப்பட்டா கோபக்காரின்னு பேர்தான் மிஞ்சும், வேலை நடக்காது" என்றார். அதே இடத்தில் நான் குரலை உயர்த்தியிருந்தால், வேலையில் அக்கறை உள்ள பையன் என்று எடுத்துக்கொண்டிருப்பார்கள்.

நான் சலுகை என்று சொல்வது இதைத்தான். யாரிடமும் கேட்டு வாங்கியதில்லை. வாயைத் திறப்பதற்கு முன்பே எனக்கு இருந்த நம்பகம், எல்லாவற்றையும் விளக்கி முடித்த பிறகும் அவருக்குக் கிடைக்கவில்லை. 1988இல் பெக்கி மெக்கின்டாஷ் என்ற அமெரிக்கப் பெண்ணிய ஆய்வாளர் தன் கட்டுரையில் எழுதியதும் இதுவே: பெண்களுக்குக் குறை இருப்பதாக ஒத்துக்கொள்ளும் ஆண்கள்கூட, தங்களுக்கு மிகுதியாகக் கிடைப்பதை ஒத்துக்கொள்வதில்லை.

உங்கள் அனுபவங்களையும் எழுதுங்கள்.

* * *

நான் உயரம் குறைந்த பெண். கார் ஓட்டும்போது பெடல் எட்ட வேண்டுமென்றால் ஸ்டியரிங்கை ஒட்டித்தான் உட்கார வேண்டும். சீட் பெல்ட் தோளில் படியாமல் கழுத்தை அறுக்கும். ஓட்டக் கற்றுக்கொடுத்தவர், "நீங்க உட்கார்ற முறையே தப்பு" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். நானும் நெடுநாள் அப்படித்தான் நினைத்தேன்.

பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். கார் மோதினால் உள்ளே இருப்பவருக்கு என்ன ஆகும் என்று பார்க்கும் சோதனைகளுக்கு 1970களிலிருந்து பெரும்பாலும் பயன்பட்ட பொம்மை, சுமார் 175 செ.மீ. உயரமும் 78 கிலோ எடையும் உள்ள ஆணின் உருவம். பெண் பொம்மை என்று வைத்திருந்தது அதையே சுருக்கிச் செய்த மிகச் சிறிய உருவம். சராசரிப் பெண்ணின் உடலைக் கணக்கில் எடுத்து, 162 செ.மீ., 62 கிலோவில் ஒரு பொம்மையை சுவீடனில் ஆஸ்ட்ரிட் லிண்டரின் குழு அறிமுகப்படுத்தியது 2022இல்தான். மருந்திலும் இதே கதை. சோல்பிடம் என்ற தூக்க மாத்திரை பெண்களின் உடலில் கூடுதல் நேரம் தங்குகிறது என்று, அது சந்தைக்கு வந்து இருபது ஆண்டுகளுக்குப் பிறகு, 2013இல் அமெரிக்காவில் பெண்களுக்கான அளவைப் பாதியாகக் குறைத்தார்கள்.

இதில் எந்த ஆணும் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. அளவெடுக்கும்போது நான் யாருடைய நினைவிலும் இல்லை, அவ்வளவுதான். உயிர் போகும் விஷயத்தில் அது சின்னக் குறை அல்ல.

* * *

மன்னிக்கவும், எனக்கு உடன்பாடில்லை. வேலை போய் வீட்டில் இருந்த காலத்தில் ஒருவர்கூட என்னிடம் "எப்படி இருக்கிறாய்" என்று கேட்கவில்லை. "அடுத்து என்ன?" என்றுதான் கேட்டார்கள். உறவினர் போன் வந்தால் எடுக்கவே பயமாக இருக்கும். காலையில் குளித்து, சட்டை மாற்றி, எங்கோ கிளம்புகிறவன்போல் வெளியே போய்விடுவேன். அழ எனக்கு ஓர் இடம் இல்லை. உலக அளவில் தற்கொலையில் சாகும் ஆண்கள் பெண்களைவிடச் சுமார் இரண்டு மடங்கு. போர் வந்தால் கட்டாயமாகப் பிடித்துப் போவதும் பெரும்பாலும் ஆண்களைத்தான். இதையெல்லாம் எந்தக் கணக்கில் எழுதுவீர்கள்?

* * *

தொடங்கியவன்தான் எழுதுகிறேன். அண்ணே, நீங்கள் பட்டது பெரிய வேதனை. அதைச் சலுகை என்று சொல்கிறவன் மனிதனே இல்லை. ஏழை ஆணுக்கும் பணக்காரப் பெண்ணுக்கும் நடுவில் யார் வாய்ப்பு பெற்றவர் என்பதும் வேறு கணக்கு, அதையும் மறுக்கவில்லை.

ஆனால் உங்களிடம் "அடுத்து என்ன?" என்று கேட்ட அதே ஆட்கள், வேலையிழந்த பெண்ணிடம் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். என் அக்காவுக்கு வேலை போனபோது, "நல்லதாப் போச்சு, இனி பிள்ளையைப் பார்த்துக்கலாம்" என்றார்கள். அவள் சம்பளம் போனது யாருக்கும் இழப்பாகவே தெரியவில்லை. சம்பாதிப்பது ஆணின் கடமை என்ற ஒரே நினைப்புதான் உங்களை நெரித்தது, அவளை ஒன்றுமில்லாமல் ஆக்கியது. உங்கள் வலியைக் காட்டி அவளுடையதைக் கழித்துவிட முடியாது. இரண்டையும் பேசுவோம்.

* * *

இரண்டு பிள்ளைகளின் அப்பா நான். தடுப்பூசி போட நான் பிள்ளையைத் தூக்கிப்போனால் வரிசையில் இருப்பவர்கள் பாராட்டுகிறார்கள், இடம்கூட விடுகிறார்கள். என் மனைவி போனால், பிள்ளை அழுவதற்கு முறைப்புதான் கிடைக்கிறது. சம்பளமில்லாத பராமரிப்பு வேலையில் முக்கால் பங்கைப் பெண்களே செய்வதாக 2018இல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு கணக்குச் சொன்னது. எங்கள் வீட்டைப் பார்த்தவன் என்பதால் எனக்கு அதில் ஆச்சரியமில்லை.

பள்ளிப் படிவத்தில் முதல் தொலைபேசி எண் என்னுடையது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் அழைப்பு என் மனைவிக்குத்தான் போகிறது. அவள் கூட்டத்திலிருந்து எழுந்து வெளியே வந்து, எனக்குச் சொல்கிறாள். அலுவலகத்தில் அவளை "அடிக்கடி போனை எடுத்துக்கொண்டு எழுந்து போகிறவர்" என்கிறார்கள். என்னை யாரும் அப்படிச் சொன்னதில்லை. முதலில் என்னைத்தான் அழைக்க வேண்டும் என்று பள்ளிக்கு எழுதியே கொடுத்திருக்கிறேன். போன வாரமும் அழைப்பு அவளுக்குத்தான் போயிருக்கிறது. நாளை நேரில் போய்ப் பேசப்போகிறேன்.