ராக்கெட் திரும்பி வந்து இறங்கியதைப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்

மணல்வீடு:
2024 அக்டோபர் 13, ஸ்பேஸ்எக்ஸ் நிறுவனத்தின் ராட்சத ராக்கெட்டான ஸ்டார்ஷிப்பின் ஐந்தாவது சோதனை ஓட்டம். எல்லாருக்கும் தெரிந்ததுதான், நேராக விஷயத்துக்கு வருகிறேன். டெக்சாஸின் தென்கோடி, சவுத் பாட்ரே தீவு, இஸ்லா பிளாங்கா பூங்கா. காலை 7.25க்குக் கிளம்பியது. ஏழு நிமிடத்தில் பூஸ்டர், அதாவது ராக்கெட்டை மேலே தள்ளிவிடும் அடிப்பகுதி, திரும்பிவிட்டது. இருபது மாடி உயரம். லேசாகச் சாய்ந்தபடி, கிளம்பிய இடத்துக் கோபுரத்தை நோக்கி நகர்கிறது, அடிப்பக்கத்தில் ஓரமாகத் தீ எரிகிறது. என் வாய் சும்மா இருந்திருக்கலாம். "தொலைந்தது!" என்று கத்திவிட்டேன். அடுத்த கணம் கோபுரத்தின் இரண்டு கைகளும் அதைப் பிடித்துக்கொண்டன, அடுப்பிலிருந்து பாத்திரத்தை இடுக்கியால் இறக்குவது போல. பக்கத்தில் நின்ற வெள்ளைக்காரப் பெரியவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் என் குரலை வைத்தே புரிந்துகொண்டு ஒரு பார்வை பார்த்தார் பாருங்கள், அது இன்னும் உறுத்துகிறது. நவம்பர் 19 அன்று மறுபடி போனேன், வாயை இறுக்கி மூடிக்கொண்டு. அன்று கோபுரத்தில் ஏதோ சரியில்லை என்று பூஸ்டரைக் கடலுக்குத் திருப்பிவிட்டார்கள். வீட்டில் இன்றுவரை அதற்கும் என் வாய்முகூர்த்தம்தான் காரணம்.

மூன்றில் ஒன்று:
2018 பிப்ரவரி 6, மூன்று பூஸ்டர்களைச் சேர்த்துக் கட்டிய ஸ்பேஸ்எக்ஸின் பால்கன் ஹெவி ராக்கெட்டின் முதல் ஓட்டம். புளோரிடாவின் டைட்டஸ்வில் கரையில் நின்றோம். பக்கவாட்டு பூஸ்டர்கள் இரண்டும் ஜோடியாக இறங்கியதை எத்தனையோ பேர் எழுதிவிட்டார்கள். எனக்கு நினைவிருப்பது என் மகளின் விரல்கள். அப்போது அவளுக்கு ஆறு வயது. சத்தம் வந்து சேர்வதற்குள் இரண்டும் இறங்கியாகிவிட்டது. பிறகு இடி மேல் இடி, கூட்டம் முழுக்கக் கூத்தாடுகிறது. இவள் மட்டும் விரலை மடக்கி எண்ணிக்கொண்டு, "போனது மூன்று, வந்தது இரண்டு. இன்னொன்று எங்கே அப்பா?" என்றாள். "நடுவில் இருந்தது கடலில் நிற்கும் கப்பலில் இறங்கியிருக்கும்" என்றேன், நானே இறக்கி வைத்தவன் மாதிரி. எஞ்சின்களை மறுபடி பற்றவைக்கும் திரவம் தீர்ந்துபோய், அது கப்பலுக்குச் சுமார் 100 மீட்டர் தள்ளி, மணிக்கு 480 கிலோமீட்டர் வேகத்தில் கடலில் மோதியது என்று பிறகுதான் தெரிந்தது. இப்போதும் நான் எதையாவது அடித்துச் சொன்னால், "கப்பலில் இறங்கியிருக்குமா அப்பா?" என்கிறாள்.

கணக்கு வாத்தியார்:
மணல்வீடு, அது இருபது மாடி அல்ல. 71 மீட்டர், இருபத்துமூன்று மாடி வரும். சாய்ந்து வந்ததும் கோளாறு அல்ல. எல்லாம் சரி என்று உறுதியான பிறகுதான் கோபுரத்தின் பக்கம் திரும்பும்படி வழி வகுத்திருக்கிறார்கள். இல்லையென்றால் நவம்பரில் கடலுக்குப் போனது போலப் போய்விடும். இன்னொன்று, நின்றபடி இறங்கும் வித்தையை நேற்றுக் கண்டுபிடித்தது போல எல்லாரும் பேசுகிறீர்கள். டிசி-எக்ஸ் என்ற சோதனை ராக்கெட் 1993லேயே நியூ மெக்சிகோவில் எழும்பி அப்படியே இறங்கியது. 1996ல் ஒரு கால் விரியாமல் சாய்ந்து எரிந்ததோடு கதை முடிந்தது. என் அனுபவம் ஒரு வரிதான். 2015 டிசம்பர் 21 இரவு, ஸ்பேஸ்எக்ஸின் பால்கன் 9 பூஸ்டர் முதன்முறையாக நிலத்தில் வந்து இறங்கியபோது புளோரிடாவின் கோகோ பீச்சில் இருந்தேன், இறங்கும்போது கேட்ட இடியில் வெடித்துவிட்டது என்றே நினைத்தேன். ஸ்பேஸ்எக்ஸின் ஈலான் மஸ்க்கும் முதலில் அப்படித்தான் நினைத்தாராம். ஆகவே மணல்வீட்டை மன்னிக்கலாம்.

ஆர்லாண்டோ அண்ணாச்சி:
நான் மூன்று முறை போய் மூன்று முறையும் காற்றாலும் மேகத்தாலும் தள்ளிப்போட்டார்கள். அதுதான் என் அனுபவம். புதிதாகப் போகிறவர்களுக்குச் சொல்கிறேன். முதலில் பூஸ்டர் நிலத்துக்குத் திரும்புகிறதா, கடலில் கப்பலுக்குப் போகிறதா என்று பாருங்கள். ஸ்டார்லிங்க் என்ற இணையச் செயற்கைக்கோள்களை ஏற்றிப் போவதெல்லாம் பெரும்பாலும் கப்பலில்தான் இறங்கும், கரையில் நின்றால் கிளம்புவது மட்டுமே கிடைக்கும். ரத்து செய்தால் பணம் திரும்பும் அறையாகப் பார்த்துப் போடுங்கள். தண்ணீர், தொப்பி, கொசு மருந்து. கைக்குழந்தை இருந்தால் காதுக்கு மூடி. ஒலி மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர்தான் போகும். 8 கிலோமீட்டர் தள்ளி நின்றால் இருபது விநாடிக்கு மேல் ஊமைப்படம்தான், சத்தம் வரவில்லையே என்று பதறாதீர்கள். முடிந்தவுடன் காரை எடுக்காதீர்கள், ஒரு மணி நேரம் உட்கார்ந்து கட்டுச்சோற்றைப் பிரித்துச் சாப்பிட்டுவிட்டுக் கிளம்புங்கள். புளியோதரைதான் உத்தமம், தயிர்சாதம் அந்த வெயிலில் புளித்துவிடும்.

மணல்வீடு:
அண்ணாச்சி, நான் வழி கேட்கவே இல்லையே. வாத்தியார் ஐயா, மன்னிப்புக்கு நன்றி.

மாம்பலம் மாடிவீடு:
நான் நேரில் பார்த்தவன் அல்ல, எழுதலாமா தெரியவில்லை. மணல்வீடு சொன்ன அதே நாள், இங்கே ஞாயிறு மாலை ஆறு மணி. டிவியில் பார்த்துக்கொண்டிருந்தேன். அம்மா காபியோடு வந்து நின்றார். கோபுரத்துக்குள் அது மெல்ல இறங்குகிறது. "ஏன்டா, படத்தைப் பின்னாலிருந்து ஓட்டுகிறாய்?" என்றார். இல்லை அம்மா, நிஜமாகவே திரும்பி வருகிறது என்றேன். நம்பவில்லை. ரிமோட்டை என் கையிலிருந்து வாங்கித் தூர வைத்துவிட்டு மறுபடி பார்த்தார்.