டின் மீன் ஸ்ப்ரெட், வினிகர் வெங்காயம், வீட்டுக்கு வந்தவர்கள்

விருந்துக்கு டின் மீன் வைக்கலாமா என்று யார் கேட்டாலும் தயங்காமல் வைக்கலாம் என்பேன். ஒரே ஒரு நிபந்தனை: பக்கத்தில் புளிப்பாக ஏதாவது இருக்க வேண்டும். மத்தியும் கானாங்கெளுத்தியும் இயல்பாகவே கொழுப்பு நிறைந்த மீன்கள். டின்னில் பெரும்பாலும் எண்ணெயில் ஊறியே வருகின்றன. டோஸ்ட்டில் தடவும் ஸ்ப்ரெட் செய்ய, அதில் நாம் வெண்ணெய், க்ரீம் சீஸ் என்று இன்னும் சேர்த்துப் பிசைகிறோம். முதல் வாய் அருமையாக இருக்கும், மூன்றாவது வாயில் திகட்டிவிடும். வினிகரில் ஊறிய வெங்காயத்தை ஒரு துண்டு மேலே வைத்துக் கடித்துப் பாருங்கள். வாய் கழுவியதுபோல் ஆகி, அடுத்த டோஸ்ட்டுக்குக் கை தானாகப் போகும்.

எனக்கு இதை உறுதிப்படுத்தியவர் என் அண்ணியின் தோழி. வந்து உட்கார்ந்ததுமே, "டின் மீனா? அந்த வாடை எனக்கு ஆகாதுங்க" என்றார். நான் வற்புறுத்தவில்லை. என்னென்ன போட்டிருக்கிறேன் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கிண்ணத்தை மேஜையில் வைத்தேன். பேச்சுவாக்கில் ஒரு பிஸ்கட்டின் ஓரத்தில் தொட்டுப் பார்த்தார். அப்புறம் அவரே கிண்ணத்தைப் பக்கத்தில் இழுத்து வைத்துக்கொண்டார். கிளம்பும் முன் சமையலறையில் நின்று செய்முறை கேட்டு எழுதிக்கொண்டு போனார்.

அவருக்கு வாடை தெரியாமல் போனதற்குக் காரணம் எலுமிச்சை. மீன் வாடையில் பெரும்பங்கு அமீன்கள் என்ற வேதிப்பொருட்களுடையது. அவை எளிதில் ஆவியாவதால்தான் மூக்கில் ஏறுகின்றன. அமிலம் பட்டதும் அவை உப்பாக மாறி ஆவியாகாமல் தங்கிவிடுகின்றன. அதனால் எலுமிச்சைச் சாற்றைக் கடைசியில் அலங்காரமாகப் பிழியாமல், மீனைப் பிசையத் தொடங்கும்போதே சேர்த்துவிட வேண்டும் என்பது என் கட்சி.

அவருக்குச் சொன்ன அளவு இதுதான். ஆறேழு பேர் கொறிக்க, எண்ணெயில் போட்ட மத்தி இரண்டு டின் (ஒவ்வொன்றும் சுமார் 120 கிராம்). எண்ணெயை வடித்து ஒரு கிண்ணத்தில் எடுத்து வையுங்கள், கொட்டிவிடாதீர்கள். மீனில் அரை எலுமிச்சையின் சாறு, முழு எலுமிச்சையின் தோலை மெல்லியதாகத் துருவியது, ஒரு டீஸ்பூன் கடுகு விழுது, நிறைய மிளகு. முள்கரண்டியால் பிசையுங்கள், மிக்ஸி வேண்டாம். மிக்ஸியில் ஓட்டினால் மீனின் சதை தெரியாமல் சாம்பல் நிறத்தில் கூழாகிவிடும், பார்க்கவே நன்றாக இருக்காது. பிறகு அறை வெப்பத்தில் இளகிய க்ரீம் சீஸ் 100 கிராம், வெண்ணெய் ஒரு டேபிள்ஸ்பூன். இறுக்கமாக இருந்தால் எடுத்து வைத்த எண்ணெயில் ஒன்றிரண்டு ஸ்பூன் விட்டுத் தளர்த்தலாம். உப்பை மட்டும் ருசி பார்க்காமல் போடக் கூடாது. டின் மீனிலேயே உப்பு இருக்கிறது, பக்கத்தில் வைக்கும் வினிகர் ஊறுகாயிலும் இருக்கிறது. பொடியாக நறுக்கிய வெங்காயத்தாள் கடைசியில். ஃப்ரிட்ஜில் ஒரு மணி நேரம் இருந்தால் சுவை கூடிவரும், ஆனால் பரிமாறுவதற்குக் கால் மணி நேரம் முன்பே வெளியே எடுத்துவிடுங்கள். ரொம்பக் குளிர்ந்திருந்தால் டோஸ்ட்டில் தடவ வராது.

ஊறுகாய்க்கு ஒரு கப் வினிகர் (5 சதவீத அமிலம் உள்ளது), ஒரு கப் தண்ணீர், ஒன்றரை டீஸ்பூன் உப்பு, ஒரு டேபிள்ஸ்பூன் சர்க்கரை. சர்க்கரை கரையும் வரை சூடாக்கி, காகிதம் போல மெல்லியதாகச் சீவிய சிவப்பு வெங்காயத்தின் மேல் ஊற்றினால் அரை மணி நேரத்தில் தயார். சிவப்பு வெங்காயத்தில் உள்ள ஆந்தோசயனின் என்ற நிறமி அமிலத்தில் பளிச்சென்ற இளஞ்சிவப்பாக மாறும். மங்கலான மீன் கலவைக்குப் பக்கத்தில் அந்த நிறம் இருந்தாலே மேஜை எழுந்து நிற்கும். கேரட், முள்ளங்கிக்கும் இதே நீர்தான். வெள்ளரிக்காய்க்கு மட்டும் ஆறிய பிறகு ஊற்றுங்கள், மொறுமொறுப்புப் போகாது.

வெள்ளரிக்காய் பற்றி இன்னொன்று. நண்பர் ஒருவரின் வீட்டில் அதை ஸ்ப்ரெட்டுக்குள்ளேயே நறுக்கிப் போட்டிருந்தார்கள். விருந்தினர் வந்து சேர்வதற்குள் கிண்ணத்தில் தண்ணீர் விட்டு, டோஸ்ட்டெல்லாம் நமுத்துப் போயிருந்தது. உப்பு வெள்ளரிக்காயிலிருந்து நீரை இழுத்துவிடும். உள்ளே போட ஆசைப்பட்டால் முதலில் உப்புத் தூவி இருபது நிமிடம் வடிய விட்டு, துணியில் பிழிந்துவிட வேண்டும். நான் தனியாகவே வைக்கிறேன்.

*

மேலே எழுதியவர் மத்தி என்கிறார். நான் அதை வாங்குவதில்லை, தண்ணீரில் போட்ட சூரை மீன்தான். அது வறண்ட மீன் என்பதால் க்ரீம் சீஸுக்குப் பதில் வடிகட்டிய கெட்டித் தயிரும் கொஞ்சம் ஆலிவ் எண்ணெயும் சேர்ப்பேன். மேலே சொன்ன மத்திக் கலவை போல இது திகட்டாது, ஆனாலும் ஊறுகாய் இல்லாமல் சப்பென்றுதான் இருக்கும்.

நான் சொல்ல வந்தது பூண்டைப் பற்றி. என் மாமியார் ஒருமுறை ஊறுகாய் பாட்டிலைப் பார்த்துவிட்டு, "கெட்டுப் போனதை வந்தவங்களுக்கு வைக்கிறியே" என்று பதறிவிட்டார். உள்ளே போட்டிருந்த பூண்டுப் பல் நீலப் பச்சையாக மாறியிருந்தது. பூண்டிலுள்ள கந்தகச் சேர்மங்கள் அமிலத்தோடு சேரும்போது அப்படி நடப்பது உண்டு, உடம்புக்கு ஒன்றும் செய்யாது. விளக்கிச் சொன்ன பிறகு அவரே ஒரு பல்லை எடுத்து வாயில் போட்டுக்கொண்டார். விருந்தாளிகளுக்கு எல்லாம் இப்படி விளக்கிக்கொண்டிருக்க முடியாது என்பதால், பரிமாறும்போது பூண்டை எடுத்துவிடுகிறேன்.

*

மேலே எழுதிய இருவரிடமும் என் கேள்வி: மீனை ஏன் பிசைய வேண்டும்? ஸ்பெயினிலும் போர்ச்சுகலிலும் டின்னைத் திறந்தபடியே மேஜையில் வைத்துப் பரிமாறும் மதுக்கூடங்கள் உண்டு. பிரான்சின் பிரிட்டனி பகுதியில் மத்தி டின்னுக்கு ஆண்டு குறித்து, வருடக்கணக்கில் எண்ணெயில் ஊற விட்டுச் சாப்பிடுபவர்கள் இருக்கிறார்கள். நல்ல மீனுக்கு அந்த மரியாதை தர வேண்டும். நான் மத்தி, சிப்பி, கானாங்கெளுத்தி என்று மூன்று வகை டின்களைத் திறந்து ஒரு பலகையில் வைத்து, சுற்றிலும் ஊறுகாய், வெண்ணெய், ரொட்டி அடுக்கிவிடுவேன். அவரவர் விருப்பப்படி எடுத்துக்கொள்வார்கள், நானும் அவர்களோடு உட்கார்ந்து பேச முடிகிறது.

ஒரு குழந்தை முள்ளைப் பார்த்துப் பயந்து டோஸ்ட்டைக் கீழே வைத்துவிட்டது. விரலால் நசுக்கிக் காட்டினேன், மாவாக உதிர்ந்தது. டின்னை மூடிய பிறகு அழுத்தத்தில் சுமார் 115 முதல் 121 டிகிரி செல்சியஸ் வரை வேகவைப்பதால் முள் அவ்வளவு மிருதுவாகிவிடுகிறது. சுண்ணாம்புச் சத்தும் அதில்தான் இருக்கிறது என்று குழந்தையின் அம்மாவுக்குச் சொன்னேன். குழந்தைக்கு நசுக்கும் விளையாட்டே போதுமாக இருந்தது.

நெத்தலி டின் மட்டும் வேறு சாதி. அதை உப்பில் பதப்படுத்துகிறார்கள், மற்ற டின்களைப் போல அதிக வெப்பத்தில் வேகவைப்பதில்லை. அதனால் திறக்காத டின்னையும் ஃப்ரிட்ஜில் வைக்கச் சொல்லி எழுதியிருக்கும். அப்படியே வையுங்கள்.

*

முதலில் எழுதியவன்தான். பிசையாமல் வைப்பது எனக்கும் பிடித்தமானதே. ஆனால் மீனுக்குப் புதியவர்கள் வரும் வீட்டில் ஸ்ப்ரெட்தான் நல்ல தொடக்கம். முழு மத்தி தோலும் வாலுமாகக் கிடப்பதைப் பார்த்ததும் பின்வாங்குபவர்கள் அதிகம்.

ஒவ்வாமை பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. எங்கள் வீட்டுக்கு வந்த ஒருவருக்கு மீன் ஆகாது. அழைக்கும்போதே கேட்டு வைத்திருந்ததால் அவருக்கு வேகவைத்த வெள்ளைப் பீன்ஸை அதே எலுமிச்சை, மிளகு சேர்த்துப் பிசைந்து தனித் தட்டில் வைத்தேன். ஊறுகாயும் தனிக் கிண்ணம், தனி ஸ்பூன். மீனைத் தொட்ட ஸ்பூன் பொது ஊறுகாய்க்குள் போய்விடும், அதுதான் ஆபத்து. வூஸ்டர் சாஸிலும் பொதுவாக நெத்தலி உண்டு, பலருக்கு இது தெரிவதில்லை. கர்ப்பிணி யாராவது வந்தால் சூரையை விட மத்தி நல்லது, அதில் பாதரசம் குறைவு. க்ரீம் சீஸும் பாஸ்டரைஸ் செய்த, அதாவது சூடாக்கிக் கிருமிகளை அழித்த பாலில் செய்ததாக இருக்கட்டும்.

வீங்கி உப்பிய டின்னைத் திறக்கவே வேண்டாம், ருசி பார்க்கவும் வேண்டாம், தூக்கிப் போடுங்கள். ஸ்ப்ரெட் வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெப்பம் 32 டிகிரியைத் தாண்டிய நாளில் ஒரு மணி நேரம்தான். பேச்சு நீளும் என்று தெரிந்தால் பாதியை ஃப்ரிட்ஜிலேயே விட்டுவிட்டுக் கிண்ணம் காலியானதும் நிரப்புவேன்.

*

ஃப்ரிட்ஜில் வைத்தால் இந்த ஊறுகாய் எவ்வளவு நாள் தாங்கும் என்று கேட்டிருந்தார்கள். வெங்காயம் இரண்டு வாரம் நன்றாக இருக்கும். வெள்ளரிக்காய் நான்கைந்து நாளில் தளர்ந்துவிடும். இது முறையாகப் பதப்படுத்திய ஊறுகாய் இல்லை, வெளியே வைக்கக் கூடாது. மிஞ்சிய நீரில் புதிதாகக் காய் போடாதீர்கள், முதல் காய்கள் விட்ட தண்ணீரில் அமிலம் நீர்த்துப் போயிருக்கும். அடுத்த முறை மீன் பிசையும்போது எலுமிச்சை கைவசம் இல்லாவிட்டால் அந்த மிஞ்சிய நீரிலிருந்து ஒரு ஸ்பூன் ஊற்றுங்கள், நன்றாகச் சேரும்.