மறு: எக்ஸ்-ரேயில் தெரியாத சிறுநீர்ப்பைக் கல்லுக்கு என்ன சொல்?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> 'கதிர்புகா கல்', 'கதிர்புகு கல்' என்று வைத்துக்கொள்வோம். ஒளிபுகாப் பொருள் பாடநூலிலேயே இருக்கிறது.

எக்ஸ்-ரேயில் தெரியும் கல்லுக்கு முதல் சொல், தெரியாததற்கு இரண்டாவது. சொல் அழகாக இருக்கிறது, உடனே விளங்கவும் செய்கிறது. ஆனாலும் இணையாக ஏற்க எனக்குத் தயக்கம்.

நாய், பூனைகளின் சிறுநீர்ப்பையில் அதிகம் காணப்படுபவை ஸ்ட்ரூவைட், கால்சியம் ஆக்சலேட் கற்கள். மிகச் சிறியவை தப்பலாம். மற்றபடி எக்ஸ்-ரேயில் வெள்ளையாகத் தெரியும். டால்மேஷன் நாய்களுக்கு வரும் யூரேட் கல் அப்படியல்ல. பெரும்பாலும் சிறுநீரின் சாம்பல் நிறத்தோடு கலந்து மறைந்துவிடும். ஸ்ட்ரூவைட்டைக் கரைக்கச் சிறுநீர் அமிலமாக வேண்டும். யூரேட்டைக் கரைக்கக் காரமாக வேண்டும். எக்ஸ்-ரேயை மட்டும் வைத்து யாரும் மருந்து எழுதுவதில்லை, சிறுநீரையும் சோதிப்பார்கள். ஆனாலும் முதல் துப்பு அந்தப் படம்தான். அதைச் சொல்லும் இரண்டு சொற்களுக்கும் இடையே ஓர் எழுத்து மட்டுமே வேறுபாடு என்றால், போனில் கேட்பவர் காதில் 'புகு'வும் 'புகா'வும் ஒன்றாகவே விழும். கிறுக்கலான கையெழுத்தில் இன்னும் மோசம்.

'கதிர்கசி கல்' என்று இன்னொருவர் சொன்னார். ஒளி கசியும் பொருளை ஒட்டிய நல்ல யோசனைதான், யூரேட்டின் இயல்புக்கும் பொருந்துகிறது. ஆனால் கதிர்வீச்சுக் கசிவு என்றால் மக்களுக்கு அணு உலைதான் நினைவுக்கு வரும். நாயை மடியில் வைத்திருப்பவரைப் பயமுறுத்த வேண்டாம். 'கதிர்விடு' என்றாலோ நெல் கதிர்விட்டுவிடும்!

'நிழல்படு', 'நிழல்படா' என்ற இணையை நானே முதலில் எழுதி வைத்திருந்தேன். அல்ட்ராசவுண்ட் ஸ்கேனை நினைத்ததும் கைவிட்டேன். எக்ஸ்-ரேயில் ஒளிந்துகொள்ளும் அதே யூரேட் கல், ஸ்கேனில் பளிச்சென்று தெரிந்து தனக்குப் பின்னால் கருநிழலும் வீழ்த்தும். ஒரே கல்லை ஓர் அறிக்கை நிழல்படாதது என்றும், அடுத்த அறிக்கை நிழலோடு இருக்கிறது என்றும் சொன்னால் படிப்பவர் என்ன செய்வார்? கண்ணுக்குத் தெரிவதை வைத்துப் பெயரிட்டதால் வந்த சிக்கல் இது. கல் கதிரை என்ன செய்கிறது என்பதை வைத்தே சொல் அமைய வேண்டும்.

ஆகவே என் முன்மொழிவு: வெள்ளையாகத் தெரிவது 'கதிர்தடு கல்', மறைவது 'கதிர்புகு கல்'. தடு, புகு இரண்டும் வெவ்வேறு வினை. காதுக்கும் கண்ணுக்கும் குழப்பமில்லை. ஊறுகாய், சுடுசோறு போல வினைத்தொகையாகக் கல்லோடு இயல்பாகவே ஒட்டும்.

விளக்கத்தில் ஒரு வரி கட்டாயம் சேர்க்க வேண்டும்: இந்தப் பெயர்கள் சாதாரண எக்ஸ்-ரேக்கு மட்டுமே. சிறுநீர்ப்பைக்குள் வாயுவும் அயோடின் மருந்தும் செலுத்தி எடுக்கும் படத்தில், வெள்ளை மருந்துக் குட்டைக்குள் ஸ்ட்ரூவைட்கூடக் கரும்புள்ளியாகத் தெரியலாம். அதைப் பார்த்துக் கதிர்புகு கல் என்று எழுதிவிடக் கூடாது.

பண்புப்பெயருக்கு 'கதிர்தடுமை', 'கதிர்புகுமை' போதும் என நினைக்கிறேன். 'கதிர்த்தடுப்பு' வேண்டாம்; அதை ஈய அங்கிக்கு விட்டுவைப்போம். மறுப்பு இருந்தால் எழுதுங்கள், மாற்றிக்கொள்ளத் தயார்.